தைக்கிற கை வேறு, வெட்டுகிற கை வேறு: வாசகர் கேள்வி-பதில்

‘எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் என்ன?’ இந்த ஒரு சந்தேகம்தான் பல வடிவங்களில் கடிதமாக வந்திருக்கிறது. பெரும்பாலும் திருப்பூர், கோவைப் பக்கத்துக் கடிதங்கள் என்பதால் கணக்கையும் தையலிலும் பனியன் துணியிலுமே போட்டுக் காட்டியிருக்கிறோம்.

இரண்டு பேரில் ஒருவர் எல்லா வேலையிலும் கெட்டிக்காரர் என்றால், அவர் எதற்கு மற்றவரிடம் வேலையைப் பகிர வேண்டும்? வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை.
(பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்)

வார்த்தையில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். கரும்பலகையில் கணக்காகப் போடுங்கள்.

அக்கா, தங்கை இருவரும் ரவிக்கை தைக்கிறார்கள். அக்காவுக்கு ஒரு ரவிக்கை வெட்ட 5 நிமிடம், தைக்க 30 நிமிடம். தங்கைக்கு வெட்ட 15 நிமிடம், தைக்க 40 நிமிடம். இரண்டிலும் அக்காதான் வேகம். நாளுக்கு 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம் வேலை.

தனித்தனியே செய்தால் அக்காவுக்கு ரவிக்கைக்கு 35 நிமிடம், நாளில் 13.7 வரும். தங்கைக்கு 55 நிமிடம், 8.7 வரும். இருவருக்கும் சேர்த்து 22.4.

இப்போது தங்கை தைப்பது மட்டும் செய்யட்டும். 480 நிமிடத்தில் 12 ரவிக்கை. அக்கா இருவருக்கும் சேர்த்து 24 ரவிக்கைக்கு வெட்டித் தருகிறார். அதற்கு 120 நிமிடம். மிச்சம் 360 நிமிடத்தில் தானும் 12 தைக்கிறார். மொத்தம் 24. யாரும் ஒரு நிமிடம்கூட அதிகம் உழைக்கவில்லை, யாருடைய வேகமும் கூடவில்லை. ஆனாலும் ஒன்றரை ரவிக்கைக்கு மேல் கூடுதலாக வந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது? அக்கா ஒரு ரவிக்கை தைக்கும் 30 நிமிடத்தில் ஆறு வெட்டியிருக்கலாம். அவர் தைக்க உட்காரும்போதெல்லாம் ஆறு வெட்டு போகிறது. தங்கை ஒன்று தைக்கும் 40 நிமிடத்தில் இழப்பது இரண்டே முக்கால் வெட்டுக்கும் குறைவு. ஆக, கடிகாரத்தில் அக்கா வேகம் என்றாலும், தையலில் குறைவாக இழப்பவர் தங்கை. யார் வேகம் என்பது இங்கே கேள்வியே இல்லை. இதைச் செய்வதால் வேறு எதை எவ்வளவு விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

பிள்ளைகளிடம் இதைத் தலைகீழாகவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘வெட்டுவது சின்ன வேலை, தங்கை பார்க்கட்டும், அக்கா தைக்கட்டும்’ என்று பிரித்தால் அக்கா 16 தைப்பார். தங்கை மொத்தத்துக்கும் வெட்டி, மிச்ச நேரத்தில் தைத்தாலும் மொத்தம் 20.4தான் தேறும். தனித்தனியே செய்ததைவிடக் குறைவு! வேலையைப் பிரித்தாலே லாபம் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தப்பாகப் பிரித்தால் நஷ்டம்.

அடுத்து கூலி. ரவிக்கைக்கு 150 ரூபாய் என்று வைப்போம். தனியே செய்தால் தங்கைக்கு நாளுக்கு ஏறத்தாழ 1,309 ரூபாய், அக்காவுக்கு 2,057. சேர்ந்து செய்தால் 24 ரவிக்கைக்கு 3,600. தங்கைக்குத் தையல் கூலி 109 ரூபாய்க்குக் கீழே போனால் அவர் பிரிந்துபோவதே மேல். 128 ரூபாயைத் தாண்டினால் அக்காவுக்குக் கட்டாது. நடுவில் எந்த விலை பேசினாலும் இருவருக்கும் லாபம். 118 என்றால் தங்கைக்கு 1,416, அக்காவுக்கு 2,184. பேரம் என்பது இந்த இடைவெளிக்குள் நடப்பது. இரண்டு பேருக்கும் லாபம் என்றால் சரிபாதி லாபம் என்று அர்த்தம் இல்லை.

நாடுகளுக்கு இதே கணக்கை 1817இல் டேவிட் ரிக்கார்டோ போட்டார். அவர் வைத்த எண்களில் ஓர் ஆண்டுக்குத் தேவைப்படும் ஆட்கள்: போர்ச்சுகலில் துணிக்கு 90, திராட்சை மதுவுக்கு 80, இங்கிலாந்தில் துணிக்கு 100, மதுவுக்கு 120. இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. ஆனாலும் இங்கிலாந்து துணி மட்டும் நெய்தால் 220 ஆள் வேலை 200இல் முடிகிறது. போர்ச்சுகல் மது மட்டும் செய்தால் 170 ஆள் வேலை 160இல் முடிகிறது. போர்ச்சுகல்தான் அக்கா.

ஒரு டி-ஷர்ட் முடிவதற்குள் நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி முன்பே அமுக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஏழெட்டு கைமாறுகிறது. ஒரே கூரையின்கீழ் வைத்தால் வண்டி வாடகையாவது மிச்சமாகுமே?
(பவர் டேபிள் தையல் கூடம் நடத்துபவர், அவிநாசி)

வண்டி வாடகை மிச்சமாகும். ஆனால் மெஷின் சும்மா நிற்கும் செலவு அதைத் தின்றுவிடும். நிட்டிங் மெஷினையே எடுத்துக்கொள்வோம்.

30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி), 90 ஃபீடர் (நூல் ஊட்டும் வாய்) உள்ள வட்டப் பின்னல் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள். லூப் நீளம் (ஒரு கண்ணிக்குப் போகும் நூல்) 2.75 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஃபீடர் ஒரு சுற்றில் 6.2 மீட்டர் நூல் எடுக்கும். 90 ஃபீடரும் சேர்ந்து ஏறத்தாழ 560 மீட்டர். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் 14,000 மீட்டர். 30ஆம் நம்பர் நூல் (நம்பர் கூடினால் நூல் மெலிது) ஒரு கிலோவில் ஏறக்குறைய 50,800 மீட்டர் இருக்கும். ஆக மணிக்கு 16 கிலோவுக்கு மேல். நூல் அறுந்தது, ஊசி மாற்றியது, ரோல் இறக்கியது எல்லாம் போக இரவு பகலாக ஓட்டினால் நாளுக்கு 300 கிலோ எடுக்கலாம். பெரியவர் அளவு டி-ஷர்ட் ஒன்றுக்குக் கழிவோடு 200 கிராம் என்று போட்டால், ஒரே மெஷின் 1,500 டி-ஷர்ட்டுக்குத் துணி தருகிறது.

இனி தையல் லைன். உதாரணத்துக்கு ஆறு பேர்: தோள்பட்டை 20 நொடி, கழுத்து ரிப் (கழுத்தில் வைக்கும் இழுபடும் பட்டை) 45, கை இணைப்பு 40, பக்கத் தையல் 40, அடிமடிப்பு 30, கைமடிப்பு 30. லைனின் வேகம் மிக மெதுவான கைதான்: 45 நொடிக்கு ஒன்று, மணிக்கு 80. எட்டு மணி நேரத்தில் 640. நிட்டிங் மெஷின் ஒன்று வாங்கி வைத்தால் அதற்கு ஈடுகொடுக்க இப்படி இரண்டு லைனுக்கு மேல் வேண்டும். அப்படியே இரண்டரை லைன் வைத்தாலும், கழுத்துக்கு வேண்டிய ரிப் துணி அந்த மெஷினில் வராது; அதற்கு வேறு மெஷின். ரிப் ஒரு சட்டைக்குச் சில கிராம்தான், அந்த மெஷின் வாரத்தில் பாதிக்கு மேல் தூங்கும்.

சாயத்தில் இது இன்னும் கூர்மை. 640 டி-ஷர்ட் நான்கு நிறத்தில் என்றால் நிறத்துக்கு 32 கிலோ துணி. 32 கிலோ போட்டாலும் 250 கிலோ போட்டாலும் ஆள் நிற்கும் நேரம், நிறம் பொருத்தும் வேலை, கழுவும் சுற்றுகள் ஏறக்குறைய ஒன்றுதான். இருபது கம்பெனித் துணியை வாங்கிப் போடும் சாயப்பட்டறை, மெஷினை முழுக்க நிரப்பி ஓட்டும். தனி ஒரு கம்பெனியால் அது முடியாது. ‘பிரித்துக் கொடுத்தால் கை பழகும்’ என்று சொல்வது உண்மைதான். ஆனால் திருப்பூரில் ஜாப் ஒர்க் (அடுத்தவர் துணிக்குக் கூலிக்குச் செய்துதரும் வேலை) நிலைத்ததற்குக் கைப்பழக்கத்தைவிட இந்த மெஷின் கணக்கு பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. சந்தை சிறியதாக இருக்கும் ஊரில் இந்தப் பிரிப்பு நடக்காததற்கும் காரணம் இதுவே. மெஷினை நிரப்ப ஆர்டர் இல்லாத ஊரில், தெரிந்தவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பார்.

லைனைப் பற்றிச் சொன்னதால் ஒரு யோசனை. உற்பத்தி போதவில்லை என்று ஆள் சேர்க்கும்போது தோள்பட்டைக்கு ஓர் ஓவர்லாக் டெய்லரைச் சேர்த்தால் ஒரு பீஸ்கூட கூடாது. பீஸ் குவிந்து கிடப்பது கழுத்து ரிப் முன்னால். அங்கே ஓர் ஆள் சேருங்கள். அடுத்த மெதுவான கை 40 நொடி என்பதால் மணிக்கு 90 ஆகும். அதற்குமேல் வேண்டுமென்றால் கை இணைப்பு, பக்கத் தையல் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆள் சேர்த்தால்தான் பலன். காலை 11 மணிக்கு லைனில் நடந்து, எந்த மெஷின் பக்கத்தில் பண்டல் அதிகம் என்று பார்த்தாலே போதும், ஸ்டாப்வாட்ச் தேவையில்லை.

ஒரு நாட்டிடம் நாம் விற்பதைவிட வாங்குவது அதிகம் என்றால் அந்த அளவுக்கு நமக்கு நஷ்டம்தானே?
(கல்லூரி மாணவி, மதுரை)

இல்லை. திருப்பூர் பின்னல் மெஷினை ஜெர்மனியிலும் தைவானிலும் வாங்குகிறது, தையல் மெஷினை ஜப்பானில் வாங்குகிறது. பனியனை அதிகம் விற்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும். தைவானோடு மட்டும் கணக்குப் பார்த்தால் பற்றாக்குறை. ஆனால் அந்த மெஷினில் ஓடிய துணிதான் வேறு நாட்டில் விலைபோகிறது. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே வரவு செலவு சமமாக வேண்டும் என்றால், நம் பனியன் வேண்டாத தைவானிடம் மெஷினே வாங்க முடியாது. நாட்டின் மொத்தக் கணக்கில் ஆண்டுக்கணக்காகப் பற்றாக்குறை இருந்து அதைக் கடன் வாங்கி அடைத்தால் அது கவலைதான். அது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் பருத்தி விளைச்சல் குறைவு. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் கொண்டுவருகிறோம், வெளிநாட்டிலிருந்தும் வாங்குகிறோம். பஞ்சு இல்லாத ஊரில் எதற்கு நூற்பாலை?
(விவசாயி, உடுமலைப்பேட்டை)

பஞ்சு இருந்த ஊரில்தான் ஆரம்பித்தது. கோவையின் முதல் நூற்பாலை 1888இல் வந்தபோது சுற்று வட்டாரக் கரிசல் மண்ணில் பருத்தி இருந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை பெருகியதும் மெஷின் பழுது பார்க்கும் பட்டறை வந்தது, பிறகு மெஷினையே செய்யும் தொழிற்சாலைகள் வந்தன, ஜவுளி படித்த பிள்ளைகள் வந்தார்கள். பின்னால் வயலில் பருத்தி குறைந்தது, இவை குறையவில்லை. பஞ்சுப் பேல் லாரியில் ஏறும். ஐம்பது ஆண்டுகளாக ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு மெஷினோடு பழகிய ஃபிட்டரும், அரை நாளில் உதிரி பாகம் தரும் கடையும் லாரியில் ஏறாது. இயற்கை கொடுத்த வசதி ஒரு தொழிலைத் தொடங்கிவைக்கும். அதைப் பிடித்துவைப்பது இந்த மாதிரி சேர்ந்துவிட்ட திறமை.

வெளிநாட்டுப் பஞ்சு எதற்கு? இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி 28 முதல் 30 மில்லிமீட்டர் இழை நீளம். 30ஆம், 40ஆம் நம்பர் நூலுக்கு அது நன்றாகப் போதும். மெல்லிய சட்டைத் துணிக்கான 80, 100ஆம் நம்பர் நூலுக்கு மிக நீளமான இழை வேண்டும். இழை குட்டையாக இருந்தால் நூலில் பிடிப்பு குறைந்து அறுந்துகொண்டே இருக்கும். எகிப்தின் கீசா, அமெரிக்காவின் பிமா அந்த வகை. நம்மிடமும் கோவையில் 1970களில் உருவாக்கப்பட்ட சுவின் என்ற அருமையான ரகம் இருக்கிறது. பயிர்க்காலம் நீளம், பூச்சித் தொல்லை அதிகம், ஏக்கருக்கு மகசூல் குறைவு. விலை நன்றாக இருந்தாலும் விவசாயி தயங்குகிறார். அவருடைய தயக்கம் சரியான கணக்கு. அந்த நிலத்தில் வேறு பயிரை விட வேண்டுமே.

2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது. மில்லில் விலை எகிறியதால் 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு விலக்கினார்கள். 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இழைக்கு 2024 பிப்ரவரியில் விலக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் எல்லாப் பஞ்சுக்கும் விலக்கு தந்து, அதை ஆண்டு இறுதிவரை நீட்டினார்கள். பருத்தி விவசாயிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் மூலப்பொருள் மீது வரி போட்டால் அது நூலில் ஏறி, துணியில் ஏறி, உலகச் சந்தையில் நிற்கும் பனியனின் முதுகில் உட்காரும். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நேரே கொள்முதல் செய்வது விவசாயிக்கு உதவும், ஆலையையும் நோகடிக்காது. அதுபோலவே 2012 மார்ச்சில் பஞ்சு ஏற்றுமதிக்குத் திடீர்த் தடை போட்டதும் தவறுதான்; அன்று அடிபட்டவர் விவசாயி. அந்தத் தடையைச் சில நாட்களிலேயே தளர்த்த வேண்டிவந்தது.

எல்லாருக்கும் லாபம் என்கிறீர்கள். நொய்யல் கரையில் எங்கள் கிணறு உப்பாகிப் போனது எந்தக் கணக்கில் வரும்?
(வாசகர், சென்னிமலை வட்டாரம்)

எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதுதான் நடந்த அநியாயம்.

250 கிலோ துணிக்குக் கருநீலம் போடுவதாக வையுங்கள். கிலோவுக்கு 7 லிட்டர் என்றால் தொட்டியில் 1,750 லிட்டர் தண்ணீர். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றாலும் 105 கிலோ உப்பு. இந்த உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளிவிடும் வேலையை மட்டும் செய்யும், துணியில் தங்காது. அத்தனையும் கழிவுநீரில் வெளியே வரும். டி-ஷர்ட் ஒன்றுக்கு 80 கிராமுக்கு மேல். வாங்கியவர் சட்டைக்கு விலை கொடுத்தார், கம்பெனி சாயக்கூலி கொடுத்தது, உப்பைச் சுமந்த கிணற்றுக்காரருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமானது. அணைத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது.

வாணிபத்தின் லாபக் கணக்கு, கொடுப்பவர் வாங்குபவர் இருவருக்கும் லாபம் என்று மட்டுமே காட்டும். பேரத்தில் உட்காராத மூன்றாவது ஆளின் நஷ்டத்தை அது காட்டாது. அதைச் சட்டமும் நீதிமன்றமும்தான் கணக்கில் கொண்டுவர வேண்டும். விவசாயிகள் விடாமல் நடத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பிறகே திறக்க முடிந்தது. இப்போது எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் பெரும்பகுதித் தண்ணீரை மீட்டு, மிச்ச உப்புநீரை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். மீட்ட உப்பு மறுபடி சாயத்துக்கே போகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடப்பது இன்னும் தீராத பிரச்சினை. இந்தச் செலவால் சாயக்கூலி ஏறியது. அந்த விலைதான் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்க வேண்டிய விலை. கிணற்றுக்காரர் தலையில் பாதியை வைத்து மலிவாக விற்றதைத் திறமை என்று சொல்லக் கூடாது.

இதே கேள்வியின் இன்னொரு பக்கம், வேலை இழந்த தொழிலாளி. பட்டறை மூடிய நாட்களில் சாயத் தொழிலாளிகள் வேலையில்லாமல் நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலை. ஒரே வேலையில் கை தேறியவருக்கு நல்ல காலத்தில் கூலி அதிகம், கெட்ட காலத்தில் போக்கிடம் குறைவு. அடிமடிப்பு தைக்கும் பேட்லாக் மெஷின் மட்டும் ஓட்டும் டெய்லர், வேலை குறைவான மாதங்களில் நேர்த்தையல் போடும் சிங்கர் மெஷினையும் பழகிக்கொள்வது நல்லது. கம்பெனிகளுக்கும் இதில் பலன் உண்டு: ஒருவர் லீவு போட்டால் லைன் நிற்காது.

2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஊரே ஆடிப்போனது. ஒரே தொழிலை நம்பி ஒரு நகரம் நிற்பது ஆபத்தில்லையா?
(எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

ஆபத்துதான். தொழில் ஒன்றாக இருந்ததைவிட, வாங்கும் ஒரே நாட்டை அதிகம் நம்பியிருந்தது பெரிய ஆபத்து.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரியே 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27இல் அதன்மேல் 50 சேர்ந்து 66.5 ஆனது. அதே சமயம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான் இருந்தது, மொத்தம் 36.5. அப்போது மூன்று டாலர் டி-ஷர்ட்டில் நம் சரக்குக்கு ஏறத்தாழ 2 டாலர் வரி விழுந்தது, அவர்களுக்கு 1.10 டாலர். நடுவில் 90 சென்ட். நூலில் பேரம் பேசியோ, தையல் கூலியில் பிடித்தோ இந்த 90 சென்டை எடுக்க முடியாது. டி-ஷர்ட்டில் அவ்வளவு லாபமே கிடையாது. உழைப்பிலோ திறமையிலோ எதுவும் மாறாமல், ஒரு கையெழுத்தில் விலை மாறியது.

இதற்கு முந்தைய அனுபவமும் உண்டு. 1974 முதல் 2004 வரை பணக்கார நாடுகள் யார் எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா வைத்திருந்தன. 2005 ஜனவரி 1இல் அது முடிந்தது. கோட்டா இருந்ததால் மட்டுமே பிழைத்த பல இடங்களில் தையல் தொழில் சுருங்கியது. திருப்பூர் அப்போது தாக்குப்பிடித்தது. ஐரோப்பாவில் வங்கதேசம், மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்ற வகையில் வரியில்லாமல் விற்றுவந்தது, நாம் வரி கட்டி விற்றோம். அதே வங்கதேசம்தான் நம் பருத்தி நூலை வாங்குவதில் முதல் இடத்தில் இருந்துவந்த நாடு. நூற்பாலைக்கு வாடிக்கையாளர், பனியன் கம்பெனிக்குப் போட்டியாளர். ‘அவர்களை அடித்தால் நமக்கு நல்லது’ என்று ஒரே வரியில் சொல்ல முடியாதபடி தொழில்கள் பின்னிக் கிடக்கின்றன.

செய்யக்கூடியது, தையலை விட்டு வேறு தொழிலுக்கு ஓடுவது இல்லை. அதே மெஷினையும் அதே கையையும் வைத்துச் சந்தையைப் பரப்புவது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஒப்பந்தம் 2022 மே 1இலும், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் 29இலும் நடப்புக்கு வந்தன. பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் கையெழுத்தானது. வரிச் சலுகை வேண்டுமானால் ஒவ்வொரு சரக்குக்கும் பூர்விகச் சான்றிதழ் (எந்த நாட்டில் ஆன சரக்கு என்ற சான்று) வேண்டும். எந்தக் கட்டம்வரை இந்தியாவில் நடந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். இறக்குமதித் துணியில் தைத்த பீஸுக்குச் சலுகை கிடைக்குமா என்பதை ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். கன்டெய்னர் ஏறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஜாப் ஒர்க்கில் துணி ஓட்டையானால் நிட்டிங்காரர் டையிங்கைச் சொல்கிறார், டையிங்காரர் நிட்டிங்கைச் சொல்கிறார். நஷ்டம் என் தலையில். என்ன வழி?
(சிறு கம்பெனி நடத்தும் வாசகி, பல்லடம்)

வேலையைப் பிரித்ததில் கிடைக்கும் லாபம் முழுக்க இந்தக் கைமாறும் இடத்தில்தான் தங்கும் அல்லது ஒழுகும். ஒவ்வொரு கைமாற்றத்திலும், அடுத்தவரிடம் போவதற்குள் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

நிட்டிங்கிலிருந்து சாயம் போடாத துணி (கிரே துணி) வரும்போது ரோலுக்கு எண், மெஷின் எண், நூல் லாட் (தொகுதி) எண் மூன்றும் மார்க்கரில் எழுதியிருக்க வேண்டும். பத்து ரோலுக்கு ஒரு ரோலையாவது வெளிச்சத்துக்கு எதிரே ஓடவிட்டுப் பாருங்கள். துணியின் நீளத்துக்கு ஒரே நேர்கோடாக ஓடும் கோடு ஊசிக் கோளாறு. சாயம் போடும் முன் கண்ட ஓட்டை நிட்டிங்காரருடையது. அப்போதே படம் எடுத்து அனுப்புங்கள். சாயத்துக்குப் பிறகு பார்த்தால் யார் என்று சொல்ல வழியில்லை. நூல் லாட் இரண்டு கலந்துவிட்டால் ஒரே தொட்டியில் போட்டாலும் பட்டை பட்டையாக நிறம் மாறும். கழுத்து ரிப் துணியை உடல் துணியோடு ஒரே லாட்டில் சாயத்துக்கு அனுப்புங்கள். ரிப்பை மறந்து பிறகு தனியே போட்டால் கழுத்து ஒரு நிழல், உடல் ஒரு நிழல் என்றுதான் வரும்.

காம்பாக்டிங் முடிந்து வந்ததும் வட்ட கட்டரில் மூன்று இடத்தில் துணி வெட்டி எடை போடுங்கள். கட்டரின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்பதால், கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 1.50 கிராம் வந்தால் 150. எடை குறைவாக வந்தால், அகலத்தைக் கூட்டுவதற்காகத் துணியை இழுத்துவிட்டார்களா என்று அகலத்தை அளந்து பாருங்கள். இழுத்த துணி துவைத்ததும் சுருங்கும். அதற்கு 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து அளக்க வேண்டும். 47.5 ஆனால் 5 சதவீதச் சுருக்கம். வந்த துணியை உடனே கட்டிங் டேபிளில் ஏற்றாமல் ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறவிடுங்கள். அவசரத்தில் வெட்டினால், வெட்டிய பிறகு பீஸ் சுருங்கி அளவு தப்பும்.

அனுப்பும் டெலிவரி சலானில் எடையோடு ரோல் எண்ணிக்கை, ஜிஎஸ்எம், அகலம், ஏற்றுக்கொள்ளும் பிராசஸ் லாஸ் சதவீதம் நான்கையும் எழுதுங்கள். சாயத்தில் எடை குறைவது இயல்பு. எவ்வளவு குறையலாம் என்பதை முன்னாலேயே எழுதாவிட்டால் பின்னால் அது சண்டை. ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும் என்பதால் சலான் நகலைத் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள்.

கூலிப் பாக்கியில் நீங்கள் கொடுப்பவராகவும் இருப்பீர்கள், வாங்குபவராகவும் இருப்பீர்கள். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. தரம் சரியில்லை என்று பிறகு சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை: சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கருதி, நாள் கணக்கு அன்றிலிருந்தே ஓடும்.